வரிசை செட்ல படம் போட்டும் 12க்கு 10தான் வருது, எங்க விடுறேன்?

ஏற்காடு_கடைசிபஸ்:

வணக்கம்ங்க. ஊர் ஏற்காடு, வேலை சேலம் நாலு ரோடு பக்கம் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல. காலைல 20 கொண்டை ஊசியும் இறங்கி வந்து, ராத்திரி அதே 20ம் ஏறிப் போறேன். பஸ்ல உக்காந்து எழுத முடியாது, வளைவு திரும்புறப்ப கோடு தாளை விட்டே வெளிய போயிரும். படிக்கக் கிடைக்கிறது ராத்திரி 9 மணிக்கு மேல ஒன்றரை மணி நேரம்தான். நவம்பர்ல கேட் (ஐ.ஐ.எம்ல எம்.பி.ஏ. சேர எழுதற நுழைவுத் தேர்வு) எழுதறேன்.

வெர்பலும் கணக்கும் ஓரளவு கைக்கு வந்துருச்சு. டி.ஐ.எல்.ஆர்ல (தகவல் அலசலும் தர்க்கமும் வர்ற பகுதி) கூட டேபிள், கிராஃப் செட்டெல்லாம் (ஒரே தகவலை வச்சு நாலைஞ்சு கேள்வி வர்றது ஒரு செட்) சமாளிக்கிறேன். இந்த லாஜிக் செட்லதான், அதுலயும் வரிசைப்படுத்துறதுலயும் கட்டம் போடுறதுலயும், மூணு மாசமா ஒரே இடத்துல நிக்கறேன். 40 நிமிஷத்துல ரெண்டு செட் தொடுறேன், அதுல ஒண்ணு தப்பாயிருது.

போன ஞாயித்துக்கிழமை எழுதுன மாக் தேர்வுல (மாதிரித் தேர்வு) வந்த ஒண்ணைச் சொல்றேன். அதுல ஆறு சேல்ஸ்மேன் பேர் இருந்துச்சு. எனக்குப் புரியணும்னு நம்ம மலை இடங்களா மாத்தியிருக்கேன். நிபந்தனை எதையும் மாத்தல.

ஒரு வேன் ஒரே நாள்ல ஆறு இடத்துக்குப் போகுது: ஏரி, ரோஜாத் தோட்டம், பகோடா பாயின்ட், லேடீஸ் சீட், கிளியூர் அருவி, சேர்வராயன் கோயில். ஒவ்வொண்ணுக்கும் ஒரு தடவைதான். அருவிக்குப் போனதுக்கு அப்புறம்தான் கோயில் (உடனேன்னு இல்ல, எப்ப வேணாலும்). ஏரியும் ரோஜாத் தோட்டமும் அடுத்தடுத்து. பகோடா முதல்லயும் வராது, கடைசிலயும் வராது. அருவிக்கும் லேடீஸ் சீட்டுக்கும் நடுவுல சரியா ரெண்டு இடம்.

கேள்வி நாலு. மொத்தம் எத்தனை வரிசை சாத்தியம்? முதல் இடத்துல வரக்கூடியது எத்தனை? கோயில் ரெண்டாவதுன்னா பகோடா எத்தனையாவது? கோயில் கடைசின்னா எது நிச்சயம் உண்மை?

நான் போட்ட விடை 10, 3, மூணாவது, கடைசிக் கேள்விக்கும் "பகோடா மூணாவது". சரியான விடை 12, 4, மூணாவது, "பகோடா அஞ்சாவது". நாலுல ஒண்ணுதான் சரி. 19 நிமிஷம் ஆச்சு. விளக்கத் தாள்ல "நிபந்தனைகளைப் பொருத்திப் பார்த்தால் கிடைக்கும்"னு ஒரு வரி போட்டு முடிச்சுட்டாங்க. பயிற்சி மையத்துல கேட்டா, நிறைய செட் போடு, தானா வரும்ங்கறாங்க. நூறுக்கு மேல போட்டுட்டேன், தானா வரல.

படம் போடாம நான் செய்யறது இல்ல. ஆறு கோடு போட்டு, பேரை எழுதி எழுதி அடிச்சு, தாள் கருப்பாயிருது. எங்க விடுறேன்னு யாராவது சொல்லுங்க.

அம்மாபேட்டை_அக்கா:

தங்கச்சி, உங்க தாளை நான் பார்க்கல. ஆனா உங்க விடையே போதும். 12க்கு 10, 4க்கு 3. இந்த ரெண்டு தப்பும் ஒரே சந்து வழியா உள்ள வந்திருக்கு. "அருவிக்கும் லேடீஸ் சீட்டுக்கும் நடுவுல ரெண்டு இடம்"னு படிச்சதும் அருவியை இடப்பக்கமும் லேடீஸ் சீட்டை வலப்பக்கமும் எழுதியிருக்கீங்க. வாக்கியத்துல அருவி முதல்ல வந்ததால கையும் அப்படியே எழுதிருச்சு. லேடீஸ் சீட் முன்னாடியும் அருவி பின்னாடியும் வரலாம்ங்கற பாதி உங்க தாள்ல ஏறவே இல்ல. அந்தப் பாதில இருக்கறது சரியா ரெண்டு வரிசை. அதுல முதல் இடம் லேடீஸ் சீட். 12ல ரெண்டும், 4ல ஒண்ணும் போனது அங்கதான்.

எங்க வீட்டுத் திண்ணைல சாயங்காலம் ஆறேழு பசங்க படிக்கிறாங்க. இதே தப்பை எல்லாரும் பண்ணுனப்ப, தெருமுனைல இருந்து தட்டுவடை செட் ஒரு தட்டு வாங்கிட்டு வந்து ஒண்ணைக் கையில எடுத்துக் காட்டினேன். மேல ஒரு தட்டுவடை, கீழ ஒண்ணு, நடுவுல பீட்ரூட்டும் கேரட்டும். அப்படியே தலைகீழாத் திருப்பினா மேல இருந்தது கீழ வருது, நடுவுல இருந்தது நடுவுலயே இருக்கு. நடுவுலங்கற சொல்லுக்கு இடது வலது கிடையாது. அடுத்தடுத்து, பக்கத்துல, இத்தனை இடைவெளின்னு வர்ற எல்லாமே அப்படித்தான். முன்னாடி, அப்புறம்னு வந்தா மட்டும்தான் திசை உண்டு. தேர்வு இங்கிலீஷ்ல வரும்போது 'பிட்வீன்', 'அட்ஜசன்ட்' ரெண்டையும் பார்த்ததும் கை நிக்கணும். 'பிஃபோர்' வேற, 'இம்மீடியட்லி பிஃபோர்' வேற. நாம மனசுக்குள்ள தமிழாக்கிக்கிட்டே படிக்கிறவங்க. அந்த 'இம்மீடியட்லி'தான் நம்ம தமிழ்ல முதல்ல உதிர்ந்து போற சொல்.

இப்ப தாளுக்கு வாங்க. கேள்வியைப் பார்க்கறதுக்கு முன்னாடி, பேரை வச்சுப் பார்க்கறதுக்கும் முன்னாடி, நிபந்தனையைக் குறியா மாத்தி ஓரத்துல எழுதணும். நான் 2008ல கேட் எழுதுனப்ப அது காகிதத் தேர்வு. வினாத்தாள் மேலயே, வரிக்குப் பக்கத்துலயே கிறுக்குவோம். அடுத்த வருஷம் 2009ல கணினிக்கு மாறிருச்சு. இப்ப நிபந்தனை திரைல, படம் ரஃப் தாள்ல. கண்ணு மேலயும் கீழயும் போயிட்டு வர்ற ஒவ்வொரு தடவையும் ஒரு சொல் கீழ விழும். அதனால ஒரே தடவை, நிதானமா, எல்லா நிபந்தனையையும் கீழ இறக்கிரணும். அப்புறம் திரையை மறந்துரணும்.

அருவி, கோயில், ஏரி, ரோஜா, பகோடா, லேடீஸ் சீட்டை அ, கோ, ஏ, ரோ, ப, லே ன்னு எழுதிக்கறேன். நீங்க ஏற்காட்டுக்காரி. ஏரின்னு முழுசா எழுதினா, பஸ் மேல ஏறி வந்ததும் ஏரிதானே முதல்லன்னு மனசு சொல்லும். எழுத்தா ஆக்கிட்டா ஊர் போயிரும், நிபந்தனை மட்டும் நிக்கும். நீங்க பேரை மாத்துனது எனக்குப் பிடிச்சிருக்கு, ஆனா தேர்வுல அது வேண்டாம்.

என் தாள்ல ஓரம் இப்படி இருக்கும்:

அ … கோ
[ஏ ரோ] இல்லன்னா [ரோ ஏ]
அ _ _ லே இல்லன்னா லே _ _ அ

பகோடாவை ஓரத்துல எழுத மாட்டேன். அது இடத்தைப் பத்துன நிபந்தனை, அது இருக்க வேண்டியது இடத்துலதான். ஆறு கோடு போட்டு, 1க்கும் 6க்கும் கீழ 'ப ✗'. அதே கையோட, அ … கோ ன்னு இருக்கறதால 6க்குக் கீழ 'அ ✗', 1க்குக் கீழ 'கோ ✗'. இது நாலு எழுத்துதான், எழுத அஞ்சு நொடி ஆகாது. ஆனா பெரும்பாலானவங்க இதைத் தலைல வச்சுக்கிட்டுத் திரியறாங்க. தலைல வச்சது பத்தாவது நிமிஷம் இருக்காது.

அடுத்தது எதை முதல்ல வைக்கிறதுன்னு பார்க்கணும். நீங்க பேரை எழுதி எழுதி அடிக்கிறேன்னு சொன்னது இங்கதான். ரொம்ப இடத்தை அடைக்கிற, வளைஞ்சு கொடுக்காத கட்டை எதுவோ அதை முதல்ல வைங்க. வீட்டுக்குள்ள பீரோவை வச்சுட்டுத்தான் ஸ்டூலை வைப்போம். இதுல பீரோ அ _ _ லே. நாலு இடம் நீளம். ஆறு இடத்துல அது உக்கார மூணே வழி: 1ல இருந்து 4, 2ல இருந்து 5, 3ல இருந்து 6. திருப்பியும் வைக்கலாம், ஆக ஆறு.

6ல அ வரக்கூடாது, ஒண்ணு போச்சு. இப்ப 2–5ஐப் பாருங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. 2லயும் 5லயும் ஆள் உக்காந்துட்டா மிச்சம் 1, 3, 4, 6. இதுல அடுத்தடுத்து இருக்கறது 3–4 மட்டும். அது ஏரிக்கும் ரோஜாவுக்கும் போயிரும். பகோடாவுக்கு மிச்சம் 1, 6, ரெண்டுலயும் ✗ போட்டு வச்சிருக்கோம். அ முன்னாடி இருந்தாலும் லே முன்னாடி இருந்தாலும் 2–5 செத்தது. ரெண்டு வழி ஒரே வீச்சுல போச்சு. அந்த 'ப ✗'வைத் தாள்ல எழுதாம இருந்திருந்தா இது கண்ணுல படாது, ரெண்டு வழியையும் நிரப்பிப் பார்த்துத்தான் தெரிஞ்சிருக்கும்.

மிச்சம் மூணு வரி:

அ _ _ லே _ _
_ _ அ _ _ லே
லே _ _ அ _ _

ரெண்டாவது வரில கோ அருவிக்கு அப்புறம்தான், ஆக 4 இல்லன்னா 5. அப்ப ஏ, ரோ 1–2க்குப் போகணும். பகோடா 4–5ல மிச்சம் இருக்கறதுல. ஏரி-ரோஜா மாறினா ரெண்டு, கோயில்-பகோடா மாறினா ரெண்டு, நாலு வரிசை. மூணாவது வரில கோ 5 இல்லன்னா 6. அப்ப ஏ, ரோ 2–3. பகோடா 6க்குப் போக முடியாது, அதனால 5. கோயில் 6. ரெண்டு வரிசை. முதல் வரி மட்டும்தான் ரெண்டாப் பிரியும்: ஏ, ரோ 2–3ல இருந்தா பகோடா 5, கோயில் 6, ரெண்டு வரிசை. 5–6ல இருந்தா 2–3ல பகோடாவும் கோயிலும் எப்படி வேணாலும், நாலு வரிசை. 6 + 4 + 2, மொத்தம் 12. முதல் இடத்துக்கு அ, ஏ, ரோ, லே, ஆக நாலு.

உங்க நாலாவது கேள்வி வேற விதமான தப்பு, அதைத் தனியாச் சொல்லணும். மூணாவது கேள்வில "கோயில் ரெண்டாவதுன்னா"ன்னு கேட்டாங்க. நீங்க பெரிய படத்துலயே 2ல கோ, 3ல ப ன்னு எழுதிட்டீங்க. விடை சரியா வந்துச்சு. ஆனா அந்த எழுத்து தாள்லயே நின்னுருச்சு. அடுத்த கேள்வி கோயிலைக் கடைசிக்குக் கொண்டுபோனப்ப, கோயிலை மட்டும் அடிச்சுட்டு பகோடாவை 3லயே விட்டுட்டீங்க. நானும் 2008ல இதேதான் பண்ணினேன். வெளிய வந்து மரத்தடில உக்காந்து மறுபடி போட்டுப் பார்த்தப்பத்தான் தெரிஞ்சுது, முந்தின கேள்வியோட எழுத்து ஒண்ணு அடுத்த மூணு கேள்வியையும் சாப்பிட்டிருக்கு. அன்னைக்கு எனக்குப் போனது ஒரு வருஷம். அதனாலதான் இதை இவ்வளவு நீட்டி எழுதறேன்.

"என்றால்"னு ஒரு கேள்வி வந்தா, பெரிய படத்துக்குக் கீழ கேள்வி எண்ணைப் போட்டு ஒரு தனி வரி. அந்தக் கேள்வி முடிஞ்சதும் அந்த வரி மேல ஒரே ஒரு கோடு. பெரிய படத்துல நிபந்தனைல இருந்து வந்தது மட்டும்தான் இருக்கணும். கோயில் கடைசின்னா எந்த வரில முடியும்? முதல் வரியோட முதல் பிரிவு, மூணாவது வரி. ரெண்டுலயும் பகோடா 5, ஏரியும் ரோஜாவும் 2–3. ரெண்டு வரியையும் கண்ணால பார்த்தாலே விடை.

நிதானமாப் போட்டா இந்தப் படத்துக்கு 5 நிமிஷம். அப்புறம் நாலு கேள்விக்கும் சேர்த்து 2 நிமிஷம். 19 நிமிஷம் ஆனதுக்குக் காரணம் நீங்க மெதுவா யோசிக்கறது இல்ல, ஒரே விஷயத்தை நாலு கேள்விக்கு நாலு தடவை யோசிச்சது.

சூரமங்கலம்_கணக்கு_சார்:

அம்மா சொன்ன முறை சரிதான். முப்பது வருஷம் கணக்கு நடத்தினவன்ங்கற முறைல ஒரு இடத்துல மட்டும் மாறுபடுறேன். 12 வரிசையையும் எண்ணுனது முதல் கேள்வி கேட்டதால. எல்லா செட்லயும் அந்தக் கேள்வி வராது. மூணு வரிச் சட்டத்தோட நிறுத்திட்டு, கேள்விகளை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கணும். நிபந்தனை கம்மியா இருக்கற செட்ல வரிசை அம்பது அறுபதுன்னு போகும். அங்க போய் எல்லாத்தையும் எழுத உக்காந்தா 40 நிமிஷமும் அதுக்கே சரியாப் போயிரும். சட்டம் போட்டதும் நாலைஞ்சு வழிக்கு மேல பிரிஞ்சா, அந்த செட்டை விட்டுட்டு அடுத்ததுக்குப் போறதும் ஒரு திறமைதான்.

இன்னொண்ணு. தேர்வு முறைப்படி தப்பான விடைக்கு 1 மார்க் போகும், சரிக்கு 3. ஆனா விடையை நாமே எண்ணாத் தட்டுற கேள்விக்கு மைனஸ் இல்லை. "எத்தனை வரிசை", "எத்தனை பேர்" மாதிரிக் கேள்வி அப்படி வந்தா, எண்ணி முடிக்காட்டியும் கையில இருக்கறதைத் தட்டிரணும். காலியா விட வேண்டாம்.

மாங்காய்மண்டி_பையன்:

நான் எழுதறது கேட் இல்ல. அமெரிக்காவுல சட்டம் படிக்க எல்சாட்டுக்குத் தயார் பண்றேன். இந்த மாதிரி செட்டுக்கு அதுல தனிப் பகுதியே இருந்துச்சு. 35 நிமிஷம், நாலு விளையாட்டு (செட்டை அதுல அப்படித்தான் சொல்வாங்க). வரிசை, குழு பிரிக்கிறது, ரெண்டும் கலந்ததுன்னு வரும். 2024 ஜூன் தேர்வோட அதை எடுத்துட்டாங்க, ஆகஸ்ட்ல இருந்து கிடையாது. காரணம் எனக்கு மனசுல நின்னுருச்சு. படம் வரையாம அதைச் செய்யறது கஷ்டம், பார்வை இல்லாதவங்களால மத்தவங்க மாதிரி வரைய முடியாது, இது நியாயம் இல்லைன்னு வழக்குப் போட்டாங்க. 2019ல சமரசம் ஆச்சு, மாற்று வழி தேடறோம்னு தேர்வு நடத்தறவங்க ஒத்துக்கிட்டாங்க. கடைசில அந்தப் பகுதியே போச்சு.

ஏற்காடு அக்காவுக்குச் சொல்ல வந்தது: பழைய எல்சாட் தாள்ல இருக்கற விளையாட்டெல்லாம் வரிசை செட் பழக ரொம்ப நல்லது. நிபந்தனை வாக்கியம் ஒவ்வொண்ணும் இழைச்ச மாதிரி இருக்கும், ஒரு சொல் கூட வீண் இல்ல. கேட் செட்ல கூடவே எண், கூட்டல் எல்லாம் கலந்து வரும், அதனால எல்சாட் தாளை மட்டும் நம்ப முடியாது. படம் போடுற கை பழகறதுக்கு ஒரு மாசம் தினம் ஒண்ணு போடலாம்.

ஏற்காடு_கடைசிபஸ்:

எல்லாருக்கும் நன்றிங்க. அக்கா, நேத்து ராத்திரி உங்க பதிலை மூடி வச்சுட்டு வெறும் தாள்ல மறுபடி போட்டேன். 12 வந்துச்சு. 8 நிமிஷம். 2–5 செத்துப் போறதை நானாவே பார்த்தப்ப கை நடுங்குச்சு. நாலாவது கேள்விக்குத் தனி வரி போட்டேன். தாள் சுத்தமா இருந்துச்சு, என் தாள் மாதிரியே இல்ல.

கணக்கு சார், தட்டுற கேள்விக்கு மைனஸ் இல்லைன்னு தெரியும், ஆனா பயந்துக்கிட்டு காலியா விட்டுட்டு இருந்தேன். இனி விட மாட்டேன்.

அதே தைரியத்துல ஒரு கட்டம் செட் எடுத்தேன், அங்க மறுபடி நின்னுட்டேன். இதையும் நம்ம ஊரா மாத்தித் தர்றேன். கவிதா, மணி, ராஜா, செல்வி நாலு பேர். ஊர் குகை, அம்மாபேட்டை, செவ்வாய்பேட்டை, சூரமங்கலம். தொழில் நெசவு, கொலுசு, ஜவ்வரிசி, மாம்பழம். ஆளுக்கு ஒரு ஊர், ஒரு தொழில். கொலுசு பண்றவர் செவ்வாய்பேட்டை. கவிதா செவ்வாய்பேட்டை இல்ல. மணி நெசவு, இல்லன்னா மாம்பழம். ராஜா குகை. கேள்வி: கொலுசு யார்?

கட்டம் போட்டேன், ஆளுக்கு ஒரு வரி, ஊருக்கும் தொழிலுக்கும் ஒவ்வொரு பத்தி. நிச்சயமாத் தெரிஞ்சது ராஜா–குகை ஒண்ணுதான், அதுக்கு ஒரு டிக். மத்ததெல்லாம் காலி. அதுக்கு மேல நகரல. தகவல் பத்தலைன்னு விட்டுட்டேன். விடைல செல்வின்னு போட்டிருக்கு. எப்படின்னு புரியலக்கா.

அம்மாபேட்டை_அக்கா:

8 நிமிஷம்னு படிச்சதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு சொல்லத் தெரியல கண்ணு.

கட்டத்துக்கு எங்கப்பாவைக் கூப்பிடணும். அவர் இங்க பட்டுத் தறிக்கு ஜக்கார்டு அட்டை அடிச்சவர். முதல்ல கட்டத்தாள்ல டிசைன் போடுவார். ஒரு கட்டம்னா ஒரு பாவு இழை (நீளவாட்டு நூல்), ஒரு ஊடை (குறுக்கு நூல்). சிவப்பு மை வச்ச கட்டத்துக்கு அட்டைல ஓட்டை விழும், அந்த இழை எழும். மை வைக்காத கட்டத்துக்கு ஓட்டை இல்ல, இழை எழாது. அவரோட தாள்ல காலிக் கட்டம்னா 'இல்லை'ன்னு அர்த்தம். வேற அர்த்தமே கிடையாது. டிசைன் முழுசா அவர் மனசுல இருந்துச்சு, அதனால ரெண்டு நிலை போதும்.

நான் சின்ன வயசுல அந்தத் தாளைப் பார்த்தே வளர்ந்தவ. கட்டப் புதிர் போட ஆரம்பிச்சப்ப நானும் உங்க மாதிரி டிக் மட்டும் வச்சேன், மத்ததைக் காலியா விட்டேன். நகரவே இல்ல. அப்பா எட்டிப் பார்த்துட்டு, "இந்தக் கட்டம் காலியா இருக்கே, இது இல்லையா, இன்னும் தெரியலையா?"ன்னு ஒரே கேள்விதான் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியல. நம்ம கட்டத்துக்கு மூணு நிலை வேணும்: ஆமா, இல்லை, இன்னும் தெரியல. காலிங்கறது 'இன்னும் தெரியல'வுக்கு மட்டும்தான் சொந்தம். 'இல்லை'க்கு ✗ வச்சே ஆகணும்.

உங்க செட்ல ✗ வச்சுக்கிட்டே வாங்க. கவிதா–செவ்வாய்பேட்டை ✗. கொலுசும் செவ்வாய்பேட்டையும் ஒரே ஆள், அதனால கவிதா–கொலுசு ✗. மணி நெசவு, இல்லன்னா மாம்பழம், அதனால மணி–கொலுசு ✗, மணி–ஜவ்வரிசி ✗, கூடவே மணி–செவ்வாய்பேட்டை ✗. ராஜா குகைன்னு டிக் வச்சதும் அந்த வரில மத்த மூணு ஊருக்கும் ✗, செவ்வாய்பேட்டை போச்சுன்னா ராஜா–கொலுசும் ✗. இப்ப கொலுசுப் பத்தியைக் கண்ணால பாருங்க: கவிதா ✗, மணி ✗, ராஜா ✗. மிச்சம் இருக்கற ஒரே காலிக் கட்டம் செல்வி. 'இல்லை' மூணு சேர்ந்து ஒரு 'ஆமா' ஆச்சு. நீங்க டிக் மட்டும் வச்சதால அந்தப் பத்தில நாலுமே காலியா இருந்துச்சு, அது எதையும் சொல்லல.

மத்த மூணு பேர் தொழில் இன்னும் பல வழில போகும், அதைக் கேள்வி கேட்கல, சார் சொன்ன மாதிரி அங்கயே நிறுத்திரலாம்.

ஒரு விஷயம் பழக்கமாகணும்: ஒரு ✗ வச்ச உடனே, 'இதோட சேர்ந்த இன்னொண்ணு எது'ன்னு கேட்டு அங்கயும் ✗ வைக்கிறது. செவ்வாய்பேட்டையும் கொலுசும் மாதிரி சேர்ந்த ஜோடியை ஓரத்துல ஒரு கோடு போட்டு இணைச்சு வச்சுக்கோங்க, கண்ணு தானா தாவும்.

பஸ்ல எழுத முடியாதுன்னு சொன்னீங்க. எழுத வேண்டாம். காலைல இறங்குறப்ப நிபந்தனை வாக்கியம் ஒரு பத்தை மட்டும் படிங்க, எதுக்குத் திசை இருக்கு, எதுக்கு இல்லன்னு மட்டும் மனசுக்குள்ள சொல்லிக்கோங்க. அடிவாரம் வர்றதுக்குள்ள முடிஞ்சுரும். சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள்னா அம்மாபேட்டைப் பக்கம் வந்துட்டுப் போங்க, திண்ணைல இடம் இருக்கு. வர்றப்ப அந்தக் கருப்பான பழைய தாளையும் எடுத்துட்டு வாங்க, பார்க்கணும்.